குளியலறையில் ஓதம் காத்தல்: மட்டாஞ்சேரி வீடுகளுக்கு ஒரு திட்டம்

வீட்டுவசதியைப் பற்றிப் பேசும்போது சுவருக்கும் கூரைக்கும் கிடைக்கும் கவனம் குளியலறைத் தரைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு வீட்டில் நாள்தோறும் நீர் நேரடியாக விழும் ஒரே தரை அதுதான். அது கசியத் தொடங்கினால் சுவர் ஊறுகிறது, இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது, மரத்தளம் உளுத்துப்போகிறது. வீட்டிலுள்ள முதியோர் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் அத்தரையில்தான்.

அறை முழுவதும் நனையலாம் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, தடுப்புச் சுவரோ தொட்டியோ படியோ இன்றித் தரை முழுவதையும் நீர் புகாவண்ணம் அமைக்கும் குளியலறையை மேலைநாட்டார் 'வெட் ரூம்' என்று அழைக்கின்றனர். நம் நாட்டில் இது புதிதன்று. மொகஞ்சதாரோ வீடுகளின் குளியலறைகளில் சுட்ட செங்கற்கள் நெருக்கமாகப் பாவப்பட்டு, தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, நீர் தெருச் சாக்கடையில் சேர்ந்தது. அந்நகரத்தின் பெருங்குளத்தில் செங்கற் சுவருக்குப் பின்னே நிலக்கீல் பூச்சும் இருந்தது. வாட்டம், நீர்த்தடுப்பு, வெளியேற்றம் என்னும் மூன்று கோட்பாடுகளும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தன என்பதற்கு இவை சான்று. தமிழ் வீடுகளின் அங்கணமும் இக்கோட்பாட்டின் எளிய வடிவமே.

பழைய அங்கணம் திறந்த வெளியில் இருந்தது. வெயிலும் காற்றும் அதை உலர்த்தின. கேரளத்திலும் குளிப்புரை வீட்டிலிருந்து விலகியே நின்றது. இன்று குளியலறை வீட்டின் நடுவே, மூடிய அறையாக, பெரும்பாலும் மாடியிலும் அமைந்துவிட்டது. நீரைக் கையாளும் பழக்கம் மாறவில்லை. நீர் விழும் இடம் மாறிவிட்டது. இம்மாற்றத்துக்கேற்பத் தரையை எவ்வாறு அமைப்பது என்பதைக் கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மட்டாஞ்சேரியின் சிறப்புச் சூழ்நிலை

காயலுக்கும் கடலுக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் மட்டாஞ்சேரி பல நூற்றாண்டுகளாக வாணிக ஊராக விளங்கி வருகிறது. போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனையும், 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும் அதன் பழைமைக்குச் சான்றுகள். மலையாளிகளோடு கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் எனப் பல மொழியினர் நெருங்கி வாழும் ஊர் இது. ஒரே சுவரை இரு வீட்டார் பகிர்ந்துகொள்ளும் குறுகிய மனைகளும், வெட்டுக்கல் எனப்படும் செம்பாறைக் கற்களைக் 'கும்மாயம்' என்னும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பிய சுவர்களும், மரத்தளம் இட்ட மாடிகளும் பழைய தெருக்களில் இன்றும் காணப்படுகின்றன.

இங்கே நீர் மூன்று வழிகளில் வீட்டைத் தாக்குகிறது. முதலாவது வானம்: இரு பருவக் காற்றுகளாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. இரண்டாவது நிலம்: நிலத்தடி நீர்மட்டம் மிக மேலே நிற்கிறது. விருச்சிக மாதத்தை ஒட்டிய நாட்களில் காயலின் ஏற்றம் மிகுந்து, தாழ்வான பகுதிகளில் உப்புநீர் ஓடைகளின் வழியே எதிர்த்துப் புகுகிறது. மூன்றாவது வீட்டுக்குள்ளேயே பயன்படுத்தும் நீர். தமிழில் 'ஓதம்' என்னும் சொல் கடலின் ஏற்றத்தையும் சுவரின் ஈரத்தையும் குறிக்கும். மட்டாஞ்சேரியில் அவ்விரண்டும் ஒரே சுவரில் சந்திக்கின்றன.

முதல் இரண்டையும் தனி வீட்டார் தடுக்க இயலாது. மூன்றாவது முற்றிலும் அவர்கள் கையில் உள்ளது. பொதுச்சுவர் உள்ள தெருவில் ஒருவர் குளியலறையின் கசிவு அடுத்த வீட்டாரின் படுக்கையறையை நனைக்கும். அடுக்குமாடி வீட்டில் ஒருவரது தரை மற்றொருவரது கூரை. மட்டாஞ்சேரியை அடுத்த துருத்திக் குடியிருப்பில், ராஜீவ் ஆவாஸ் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பட்டு 2025-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரு அடுக்குமாடிக் கட்டடங்களில் நானூறுக்குச் சற்றுக் குறைவான குடும்பங்களுக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. இத்தகைய குடியிருப்புகள் பெருகும் காலத்தில் குளியலறைத் தரை தனிமனிதரின் வசதிக்குரிய பொருளாக மட்டும் இருக்க முடியாது. அது அக்கம்பக்கத்தாரின் பொதுநலனைச் சார்ந்தது.

நீர் நாள் முழுவதும் ஓடும் தரை எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு அப்பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்ட் கொச்சியின் வெளி பகுதியில், தமிழ் வண்ணார் குடும்பத்தினர் பணிபுரியும் தோபி கானா உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பது வழிவழிச் செய்தி. இன்றுள்ள கூடம் பெருநகரக் கொச்சி வளர்ச்சி ஆணையத்தால் 1976-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கல்லும் தொட்டியும் கால்வாயும் ஒன்றோடொன்று பொருந்திய பணியிடம் அது. அங்கே நீர் தேங்காமல் ஓடுவதும் காற்று தடையின்றி வீசுவதுமே தரையைக் காக்கின்றன. மூடிய அறையில் இவ்விரண்டையும் நாம் திட்டமிட்டு வருவிக்க வேண்டும்.

அளவும் அமைப்பும்

குளியலறையும் கழிப்பறையும் இணைந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும் என்று தேசியக் கட்டட நெறிமுறைத் தொகுப்பு கூறுகிறது. ஆகவே 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உடைய அறையைச் சிறிய வீட்டுக்குரிய மாதிரியாகக் கொள்ளலாம். அதன் பரப்பு 2.88 சதுர மீட்டர்.

இந்த அறையில் கதவு ஒரு குறுகிய பக்கத்தில் இருப்பதாகக் கொள்வோம். கதவை ஒட்டிக் கைகழுவும் கிண்ணமும், நடுவில் கழிவுக் கோப்பையும், கோடியில் குளிக்கும் இடமும் அமைதல் நன்று. நீர் அதிகம் விழும் இடம் கதவிலிருந்து தொலைவில் இருந்தால், இரவில் கழிப்பறைக்குச் செல்பவர் காலடி உலர்ந்த தரையிலேயே படும். நீர் வெளியேறும் வாய் குளிக்கும் இடத்தின் கோடிச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 80-க்கு 1 என்னும் வாட்டம் வைத்தால் 2.4 மீட்டர் நீளத்தில் தரை 30 மி.மீ. தாழும். அடைப்பினால் வாய் மூடிக்கொண்டாலும், இத்தரை ஏறத்தாழ 43 லிட்டர் நீரைத் தாங்கிய பின்னரே நீர் கதவை எட்டும். அது இரண்டு வாளிக்கு மேற்பட்ட அளவு. வாயைக் கதவருகே வைத்தாலோ, சிறிய அடைப்பு ஏற்பட்டவுடனேயே நீர் கூடத்தில் பரவும். எனவே வாயின் இடத்தை ஓடு பாவும் நாளில் தீர்மானிப்பது தவறு. அது வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

நம் குளியல் முறைக்கு வேறொரு கூறும் உண்டு. ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் நீரையே தரும். துணி அலசிய 18 லிட்டர் வாளியைக் கவிழ்த்தால் அவ்வளவும் சில நொடிகளில் தரையில் விழுகிறது. ஷவரை மட்டும் எண்ணி உருவாக்கப்பட்ட சிறுவாய்கள் நம் வீடுகளுக்குப் போதா. 75 மி.மீ. வெளிக்குழாயும், எளிதில் கழற்றித் தூய்மை செய்யத்தக்க சல்லடையும் தேவை.

தரைக்கு அடியில் நிகழ வேண்டியவை

பீங்கான் ஓடுகளே நீரைத் தடுக்கின்றன என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஓடு நீரை உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் ஓடுகளுக்கு இடைப்பட்ட சாந்து இணைப்புகளின் வழியே நாளடைவில் நீர் கீழிறங்கும். ஓடு தேய்மானத்தைத் தாங்கும் மேலுடை. நீரைத் தடுப்பது அதன் அடியிலுள்ள படலம். இந்த வேறுபாட்டை உணர்ந்தால் பணிகளின் வரிசை தானே விளங்கும்.

முதலில் குழாய்கள் இறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். தளத்தைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் சுருங்காத சாந்தினால் இறுக அடைக்க வேண்டும். கசிவுகள் பெரும்பாலும் தோன்றும் இடம் இதுவே.

இரண்டாவதாக, வாட்டச் சாந்து இட வேண்டும். குளிக்கும் பகுதியில் 50-க்கு 1, பிற இடங்களில் 80-க்கு 1 என்ற அளவு பொருத்தமானது. வாட்டம் முழுவதும் இந்தச் சாந்திலேயே முடிந்துவிட வேண்டும். தட்டையான தளத்தில் படலம் பூசி அதன்மேல் ஓட்டுக்கு மட்டும் வாட்டம் கொடுத்தால், ஓட்டைக் கடந்து இறங்கிய நீர் போக்கிடமின்றி அடியில் தேங்கும். சுவரும் தரையும் கூடும் மூலைகளைக் கூர்மையாக விடாமல் சாந்தினால் உருட்டி விட வேண்டும்.

மூன்றாவதாக, நீர்த்தடுப்புப் படலம். சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு வீடுகளுக்கு ஏற்றது. முதற்பூச்சு நீளவாக்கிலும், அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சு அகலவாக்கிலும் அமைய வேண்டும். மூலைகளிலும் குழாய் ஓரங்களிலும் கண்ணாடியிழை வலையைப் பூச்சுக்கிடையே பதிக்க வேண்டும். படலம் தரையோடு நின்றுவிடாமல் எல்லாச் சுவர்களிலும் 30 செ.மீ. உயரமும், குளிக்கும் பகுதியில் 1.8 மீட்டர் உயரமும் ஏற வேண்டும். வெளியேற்றும் வாயின் விளிம்புக்குள்ளும் மடங்கி இறங்க வேண்டும்.

நான்காவது சோதனை. வாயை அடைத்து, படலம் ஏறியுள்ள உயரத்துக்குள், 5 செ.மீ. ஆழம் நீர் நிரப்பி 48 மணி நேரம் விட வேண்டும். கதவு வாயிலில் தற்காலிகக் கரை கட்டிக்கொள்ளலாம். நீர்மட்டத்தைச் சுவரில் குறித்து, அருகிலேயே ஓர் அகன்ற பாத்திரத்திலும் நீர் வைத்தால், ஆவியாகிக் குறைந்ததையும் கசிந்து குறைந்ததையும் பிரித்தறியலாம். கீழ்த்தளக் கூரையையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் அவ்வீட்டார் முன்னிலையில் பார்வையிடுதல் நல்லது. இச்சோதனைக்குச் செலவு மிகச் சிறிது. ஓடு பாவியபின் கசிவைத் தேடுவதற்கு ஓடுகள் அனைத்தையும் உடைக்க வேண்டியிருக்கும். இருப்பினும் வேலை முடிக்கும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுவே. கூலியின் ஒரு பகுதியைச் சோதனை முடியும்வரை நிறுத்திவைப்பது என ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாவதாகவே ஓடு. சிறிய ஓடுகள் வாட்டத்துக்கு எளிதில் வளைந்துகொடுக்கும். இணைப்புகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். பளபளக்கும் பெரிய ஓடுகள் இவ்விரு வகையிலும் பொருந்தா. இணைப்புகளுக்கு எபாக்சி நிரப்பி ஏற்றது.

மேல்தளங்களில் 20 முதல் 30 செ.மீ. தாழ்த்திய தளத்தில் குழாய்களைக் கிடத்திச் செங்கல் ஜல்லியால் நிரப்பும் முறை நம்மிடையே உண்டு. அந்த நிரப்பு நீரை உறிஞ்சிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே இருக்கக்கூடும். ஆதலால் தாழ்த்திய தளத்தின் அடியிலும் தனிப் படலமும், அதன் தாழ்ந்த மூலையில் ஒரு சிறு வடிகுழாயும் வேண்டும். அக்குழாயில் நீர் வந்தால் மேற்படலம் பழுதுற்றது என்று அறியலாம்.

பழைய சுவரும் மரத்தளமும்

வெட்டுக்கல் நுண்துளைகள் நிறைந்தது. பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஓதத்தடுப்பு வரி பெரும்பாலும் இல்லாததால், நிலத்தின் உப்புநீர் சுவரில் ஏறி, ஆவியாகும்போது உப்பு பூத்துப் பூச்சை உதிர்க்கும். இத்தகைய சுவரின் இருபுறமும் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு மேலும் உயரே ஏறும். குளியலறைப் பக்கம் நீர்த்தடுப்பு இட்டால், மறுபக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சையே வைத்துச் சுவர் உலர வழிவிட வேண்டும்.

மரத்தளத்தின்மேல் இத்தகைய குளியலறை அமைப்பதைக் கூடுமானவரை தவிர்த்தல் நன்று. 10 செ.மீ. தடிப்புள்ள சாந்தும் ஓடும் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. சோதனை நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 50 கிலோ. மரம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதால் படலமும் கிழியும். கீழ்த்தளத்திலோ, வீட்டின் பின்புறம் தனி அடித்தளம் இட்ட சிறு இணைப்பிலோ அமைப்பதே பாதுகாப்பானது. மட்டாஞ்சேரி பாரம்பரியப் பகுதியாதலால், தெருவிலிருந்து காணும் முகப்பில் குழாய் பதிக்கும் முன்னர் மாநகராட்சியின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

நீர் சென்று சேரும் இடம்

கொச்சியில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வசதி மாநகரின் சிறு பகுதிக்கே எட்டியுள்ளது. பெரும்பாலான வீடுகள் செப்டிக் தொட்டிகளை நம்பியுள்ளன. குளியல் நீரையும் கழிவுக் கோப்பையின் நீரையும் ஒரே தொட்டியில் விட்டால் அது விரைவில் நிரம்பி, கசடு படியுமுன் வெளியேறும். இரண்டையும் வெவ்வேறு குழாய்களில் கொண்டுசெல்வது நல்லது. தொட்டியில் நீர் கசியாத அடியும் சுவரும் இருக்க வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில், கசடு அகற்றி வெறுமையாக்கிய இலேசான தொட்டி மழைக்காலத்தில் மேலெழும்பிக் குழாய்களை முறித்துவிடக்கூடும். கசடு அகற்றியவுடன் நீர் நிரப்பிவிட்டால் இவ்விடர் நேராது. தாழ்வான மனைகளில் ஏற்றநீர் குழாய் வழியே திரும்பி வராதபடி ஒருவழிக் கதவம் பொருத்துதல் அவசியம்.

தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் நுண்வலை கட்டுவது சிறு வேலை. யானைக்கால் நோய்க்கு ஒருகாலத்தில் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வழங்கியது. அந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வளர்வது தேங்கிய அழுக்கு நீரில். வலையற்ற குழாயும் மூடப்படாத வாயும் அக்கொசுவுக்கு வளர்ப்பிடங்களாகும்.

அறையினுள் உள்ள 'நகானி டிராப்' எனப்படும் நீரடைப்பில் 50 மி.மீ. ஆழம் நீர் நின்றால்தான் துர்நாற்றமும் பூச்சிகளும் மேலே வரா. வெளிநாட்டில் பணிபுரிவோரின் பூட்டிய வீடுகளில் இந்நீர் வற்றிவிடுகிறது. வாரம் ஒரு குவளை நீர் ஊற்ற ஏற்பாடு செய்தால் போதும்.

முதியோரும் மாற்றுத்திறனாளிகளும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரள மக்களில் ஏறத்தாழ 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தோர். நாடு முழுவதற்குமான அளவு 8.6 விழுக்காடு. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் தாமே நடப்பதில்லை. படியற்ற குளியலறையின் முதன்மைப் பயன் இங்கேதான் உள்ளது.

வாயிற்படியை நீக்கிவிட்டு, வாயிலில் ஒரு நீள்வடிகாலை வைத்தால் சக்கர நாற்காலி தடையின்றி நுழையும். கதவின் திறப்பு 90 செ.மீ. இருத்தல் வேண்டும், கதவு வெளிப்புறம் திறந்தால் உள்ளே விழுந்தவரைத் தூக்குவது எளிது. சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் தேவைப்படுவதால், மேற்கூறிய மாதிரி அறை அதற்குப் போதாது. அகலத்தைக் கூட்ட இயலாத வீட்டில், குளிக்கும் இடத்தில் 45 முதல் 48 செ.மீ. உயரமுள்ள உறுதியான இருக்கையும் கைப்பிடிகளுமாவது அமைய வேண்டும். வெட்டுக்கல்லில் திருகாணி உறுதியாக நிற்பதில்லை. எனவே கைப்பிடி வரும் இடங்களில் படலம் பூசுமுன்பே கான்கிரீட் பட்டைகளைச் சுவரில் பதித்து வைக்க வேண்டும். இன்று தேவையில்லாத வீட்டிலும் இதனைச் செய்துவைப்பது பின்னாளில் படலத்தைத் துளைக்கும் நிலையைத் தவிர்க்கும்.

மின்சாரம் பற்றியும் எச்சரிக்கை தேவை. அறை முழுவதும் நனையுமாதலால் விசைகள் வெளியே இருத்தல் வேண்டும். கீசர் உயரத்தில் அமைய வேண்டும். முறையான மண்ணிணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை.

உலர்தலும் பராமரிப்பும்

கொச்சியின் ஈரக்காற்றில் நனைந்த தரை தானே உலராது. மேற்சுவரில் சாய்தகடுச் சன்னலும் வெளியேற்று விசிறியும் அமைத்து, கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் காற்று தரையைத் தழுவிச் செல்லும். குளித்தபின் துடைப்பானால் நீரை வாயை நோக்கித் தள்ளுதல், வாரம் ஒருமுறை சல்லடையைக் கழுவுதல், ஆண்டுக்கு ஒருமுறை பருவமழைக்கு முன் இணைப்புகளைச் சோதித்தல் ஆகியவை போதிய பராமரிப்பாகும். கடும் அமிலத்தால் கழுவும் வழக்கம் சிமெண்டு இணைப்புகளை அரித்து, கசிவுக்கு வழி திறக்கும்.

செய்ய வேண்டுவன

தூய்மை இந்தியா இயக்கம் 2014-ஆம் ஆண்டில் தொடங்கியபின் கழிப்பறைகளின் எண்ணிக்கை பெருகியது. அடுத்த கட்டம் அவற்றின் தரம். அரசின் வீட்டுத் திட்டங்களில் குளியலறைத் தரையின் நீர்த்தேக்கச் சோதனையை ஒரு தவணைக்குரிய நிபந்தனையாக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் ஒரே மாதிரி அறையில் சேர்ந்து பயிலச் செய்யலாம். ஒருவர் முடித்த படலத்தை மற்றொருவர் துளைப்பதால்தான் கசிவுகள் பல நேர்கின்றன. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய குடும்பஸ்ரீயின் மகளிர் கட்டுமானக் குழுக்களுக்கு இது ஒரு தனித்திறன் தொழிலாகவும் அமையக்கூடும்.

வீட்டாருக்குரிய அறிவுரையைச் சுருக்கமாகக் கூறலாம். கையிருப்புப் பணம் குறைவாயின் ஓட்டின் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஷவரைப் பின்னர் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்டத்தையும் படலத்தையும் 48 மணி நேரச் சோதனையையும் குறைத்துக்கொள்ளாதீர்கள். மேலுள்ளவற்றை எந்நாளும் மாற்றலாம். அடியிலுள்ளதை மாற்ற வேண்டுமானால் அறை முழுவதையும் உடைக்க வேண்டும். பொதுச்சுவர் உள்ள தெருவில் அண்டை வீட்டாரின் சுவரையும் சேர்த்துப் பழுதுபார்க்க நேரிடும்.